நுரை தரும் நுண்ணுயிர்

மழைத்துளி ஒன்று சேம்பிலையில் வீழ்ந்தால் அது முத்துப் போலத் திரண்டு நிற்கும். இலையை அசைத்தால் உருண்டோடும். இலையிலோ ஈரம் ஒட்டுவதில்லை. தாமரை இலைத் தண்ணீர் என்று பற்றற்ற வாழ்வுக்கு இதனையே உவமை கூறுதல் எம்மவர் வழக்கு. அத்துளியிற் சவர்க்கார நீரைச் சிறிதளவு சேர்த்துப் பாருங்கள். துளி நிலைகுலைந்து இலையின்மேற் பரவிவிடும். உவமை அவ்விடத்திற் கெட்டுவிடுகின்றது. ஆயின் அறிவியல் அவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

தமிழ் கற்பிக்கும் நாம் இத்துறையிற் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்ற மாணவன் ஒருவன் ஆசிரியர் அறைக்கு வந்து, ஆங்கில நூலொன்றிற் கண்ட சொல்லுக்குத் தமிழ் யாது என எம்மை வினவினான். பற்றீரியாக்கள் தாமே ஆக்கி வெளிவிடுவதும், நீரின் பரப்பை இளகச் செய்வதுமான ஒருவகைப் பொருளின் பெயர் அது. நாம் சிறிதும் தாமதியாது, “உயிர்ச் சவர்க்காரம் என்று எழுது” எனக் கூறி அனுப்பிவிட்டோம். வாயில்வரை சென்ற மாணவன் திரும்பி வந்தான். “ஐயா, சவர்க்காரம் என்றால் எண்ணெயும் காரமும் சேர்ந்து ஆவது அல்லவா? இதிற் காரம் எங்கே இருக்கின்றது?” என்று பணிவாகக் கேட்டான். எம்மிடம் விடை இல்லை. மணி அடித்தது, அவன் வகுப்புக்குச் சென்றான். பரீட்சை முடிந்து கல்லூரியை விட்டும் சென்றான்.

காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், காரணம் அறியாமலே ஒரு பொருளுக்குக் காரணப் பெயர் சூட்ட முற்பட்டமை எம் பிழையே. அதன் பின்னர் எம்முடன் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், அவர் தந்த நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகின்றோம். அம்மாணவன் இன்று இக்கல்லூரியின் பழைய மாணவன். ஆதலின் அவனுக்குக் கூற வேண்டிய விடையை எழுதுதற்கு இம்மலரினும் ஏற்ற இடம் வேறில்லை.

முதலில் நீரின் இயல்பை நோக்குவோம். நீருக்குள்ளே இருக்கும் ஒரு மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் தன் அயலாரால் இழுக்கப்படுகின்றது. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூற்றுக்கோ மேற்புறத்தில் அயலார் இலர். அது பக்கங்களிலும் உள்ளேயுமே இழுக்கப்படுகின்றது. அதனால் நீரின் மேற்பரப்பு மத்தளத்தில் இழுத்துக் கட்டிய தோல் போல இறுகி நிற்கின்றது. இதனைப் பரப்பிழுவிசை என்பர். குளத்து நீரின்மேற் சிறு பூச்சிகள் கால் நனையாமல் ஓடித் திரிவதும், மெல்ல வைத்த ஊசி நீரில் மிதப்பதும், துளி உருண்டு திரள்வதும் இதன் விளைவுகளே. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் நீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூற்றன் ஆகும். இவ்வெண்ணை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

இவ்வாறு தன்னுள் இறுகி நிற்கும் நீர் எண்ணெயுடன் கலவாது. ஆடையிற் படிந்த எண்ணெய் அழுக்கை வெறும் நீராற் போக்க இயலாமை இதனாலேயாம். ஒருவர் மொழி ஒருவருக்கு விளங்காத இருவர் நடுவே, இரு மொழியும் அறிந்த துபாசி ஒருவர் வந்து நின்றாலன்றிப் பேச்சு நடவாது. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே நிற்கும் துபாசியே நாம் கூறப் புகுந்த பொருள். அதன் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை விரும்புவது. அதனைத் தலை என்போம். மறு முனை நீரை வெறுத்து எண்ணெயை விரும்புவது. அதனை வால் என்போம். நீரின் பரப்பை அடைந்ததும் இம்மூலக்கூறுகள் தலையை நீருள்ளும் வாலை நீர்க்கு வெளியேயும் வைத்து வரிசையாக நிற்கும். நீர் மூலக்கூறுகளின் இறுக்கம் அங்கே குலைந்து பரப்பு இளகிவிடும். எண்ணெய்த் துளி ஒன்று எதிர்ப்பட்டாலோ, வால்கள் யாவும் அதனுட் புக, தலைகள் யாவும் வெளியே நீரை நோக்கி நிற்க, எண்ணெய் சிறு சிறு துளிகளாய்ப் பிரிந்து நீருடன் செல்லும்.

சவர்க்காரம் இவ்வினத்துள் ஒன்று மாத்திரமே. எம் பாட்டிமார் தலை முழுகப் பயன்படுத்திய சீயாக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இயற்கையாகவே இத்தகைய பொருள் உண்டு. நாம் உண்ணும் நெய்யையும் எண்ணெயையும் குடலிற் சிறு துளிகளாக்கும் பித்தநீரும் இதே தொழிலைச் செய்கின்றது. எனவே காரம் சேர்ந்ததா இல்லையா என்பது இவ்வினத்தின் இலக்கணம் அன்று. இருமுனை உடைமையே இலக்கணம். மாணவன் கேட்ட வினாவின் முதற் பாதிக்கு விடை இதுவேயாம்.

இனி இப்பொருளைப் பற்றீரியாவிடம் சென்று பெறவேண்டிய தேவை எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் கூறுவோம். இரண்டாம் உலகப் போரின் பின்னர், பெற்றோலியத்திலிருந்து செய்த செயற்கைச் சலவைப் பொருள்கள் மேல்நாடுகளில் விரைந்து பரவின. வன்னீரிலும் அவை நன்கு நுரைத்தன; விலையும் மலிவு. ஆயின் 1950ஆம் ஆண்டுகளில் ஒரு புதுமையான இடுக்கண் தோன்றிற்று. கழிவுநீர் நிலையங்களிலும் ஆறுகளிலும் மலைபோல் நுரை திரண்டது. சில ஊர்களிற் குழாயைத் திறந்தாற் குடிநீரும் நுரைத்தது. அன்று பெரிதும் வழங்கிய சலவைப் பொருளின் வால் நேராக நில்லாது பல கிளைகளாகப் பிரிந்திருந்தமையே இதற்குக் காரணம். கிளைத்த வாலை நீரில் வாழும் பற்றீரியாக்களால் எளிதிற் கடித்துத் தின்ன முடியவில்லை. மேற்கு செருமனி 1961ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றி, 1964 முதல் இத்தகைய பொருள்களைத் தடுத்தது. அமெரிக்க உற்பத்தியாளரும் 1965ஆம் ஆண்டளவிற் கிளையில்லாத நேர்வால் கொண்ட பொருளுக்கு மாறினர். நுரைமலைகள் கரைந்தன.

இந்நிகழ்ச்சி உணர்த்திய உண்மை ஒன்று உண்டு. ஒரு பொருள் எவ்வளவு நன்றாக அழுக்கைப் போக்குகின்றது என்பது பாதி வினாவே. தன் வேலை முடிந்த பின்னர் அப்பொருளைப் போக்குபவர் யார் என்பது மறு பாதி. நிலத்திலும் நீரிலும் அத்தொழிலைச் செய்பவை பெரும்பாலும் பற்றீரியாக்களே. அவ்வாறாயின், பற்றீரியாக்களே முடிந்த முடிச்சை அவிழ்ப்பதும் அவற்றுக்கு எளிதாகும் அன்றோ? இவ்வெண்ணமே அறிஞரைப் பற்றீரியா தரும் நுரைப்பொருள்களை நோக்கித் திருப்பிற்று.

அப்பொருள்கள் அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தன. ஆனால் வேறொன்றைத் தேடும்போது அகப்பட்டவை அவை. 1946ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டில் பேர்க்சுத்திரோம், தியோரெல், தாவிடே என்னும் மூவர் காசநோய்க் கிருமியை எதிர்க்கும் பொருளைத் தேடி, சூடோமோனசு என்னும் பற்றீரியாவிலிருந்து எண்ணெய்த் தன்மையுள்ள ஓர் அமிலத்தைப் பெற்றனர். இவர்களுள் முன்னைய இருவரும் பிற்காலத்தில், வேறு ஆராய்ச்சிகளுக்காக, நோபெல் பரிசு பெற்றோராவர். 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விசுகொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்விசு, சோன்சன் ஆகியோர் அவ்வகைப் பொருளை ஆராய்ந்து, இரம்னோசு என்னும் வெல்லமும் கொழுப்பமிலமும் பிணைந்தது அது எனக் காட்டினர். வெல்லம் தலை, கொழுப்பமிலம் வால். இதற்கு இரம்னோலிப்பிட்டு என்பது பெயர். பின்னர் 1968ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞரான அரிமா, ககினுமா, தமுரா என்போர் குருதி உறைதலைத் தடுக்கும் பொருள் ஒன்றைப் பசிலசு சப்ரிலிசு என்னும் பற்றீரியாவின் வளர்ப்பு நீரிற் கண்டனர். ஏழு அமினோவமிலங்கள் வளையமாக அமைந்த தலையும் கொழுப்பமில வாலும் உடைய இதற்குச் சேர்பக்ரின் எனப் பெயரிட்டனர். பசிலசு சப்ரிலிசு மண்ணிலும் வைக்கோலிலும் சாதாரணமாக வாழ்வது. யப்பானியர் சோயா அவரையைப் புளிக்கவைத்து உண்ணும் நத்தோ என்னும் உணவை ஆக்குவதும் இதன் இனமே.

முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன எண்ணை இப்போது எடுப்போம். நீரின் 72 என்னும் பரப்பிழுவிசையை இரம்னோலிப்பிட்டு ஏறக்குறைய 30 ஆகக் குறைக்கின்றது. சேர்பக்ரின் 27 வரையிற் குறைக்கின்றது. அதனினும் வியப்பாவது, இதற்கு வேண்டிய அளவு. கடைகளில் வாங்கும் பற்பசையிலும் தலைமுழுகு நீர்மத்திலும் பெரிதும் வழங்கிய சோடியம் இலோரைல் சல்பேற்று என்பது தன் முழு வலிமையையும் காட்ட இலீற்றருக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டும். சேர்பக்ரின் அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே போதும்.

பற்றீரியா மனிதனுக்கு ஆடை வெளுப்பதற்காக இதனைச் செய்வதில்லை. எண்ணெயில் வாழ்வு தேடும் பற்றீரியாவுக்கு உணவு எண்ணெயில் இருக்கின்றது. தானோ நீரில் இருக்கின்றது. எண்ணெயைச் சிறு துளிகளாக்கினாலன்றி உண்ண இயலாது. மேலும் ஈரப் பரப்புகளின்மேற் கூட்டமாக நகர்ந்து செல்லவும், போட்டியிடும் பிற உயிர்களை அகற்றவும் இப்பொருள் உதவுகின்றது. ஒரே பொருள் கரண்டியாகவும் காலாகவும் வாளாகவும் அமைகின்றது என்று கூறலாம்.

இனி இதனைத் தொழின்முறையில் ஆக்கும் வழியைக் கூறுவோம். நொதித்தல் என்றவுடன் கள் புளித்தலும், அப்பத்துக்குக் கரைத்த மா பொங்குதலும் எம் நினைவுக்கு வரும். நுண்ணுயிரை உணவூட்டி வளர்த்து, அது ஆக்கும் பொருளைக் கொள்ளுதலே இதன் சாரம். தொழிற்றுறையிற் காற்றூட்டி வளர்க்கும் முறையையும் நொதித்தல் என்றே வழங்குவர். இரம்னோலிப்பிட்டு ஆக்கும் பற்றீரியாவுக்குக் காற்று மிக வேண்டப்படும்.

முதலில் உணவு. குளுக்கோசு, கிளிசரோல், தாவர எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்று காபனைத் தரும். சோடியம் நைத்திரேற்றுப் போன்ற ஒரு பொருள் நைதரசனைத் தரும். பொசுபேற்று, மகனீசியம், மிகச் சிறிதளவு இரும்பு ஆகியனவும் சேர்க்கப்படும். இவற்றை நீரிற் கரைத்து, அமுக்கத்துடன் கூடிய நீராவியில் 121 பாகை வெப்பநிலையில் ஏறக்குறைய 20 நிமிடம் வைத்தால் வேண்டாத உயிர்கள் யாவும் அழியும். ஆறிய பின்னரே வேண்டிய பற்றீரியாவை இடுவர். ஆயினும் பெருங்கலத்தில் நேரே இடுவதில்லை. நாற்றுமேடையில் வளர்த்த நாற்றை வயலில் நடுவது போல, சிறு குடுவையில் வளர்த்ததைச் சிறு கலத்துக்கும், அதிலிருந்து பெருங்கலத்துக்கும் மாற்றுவர். கலத்தினுள் வடித்த காற்றுச் செலுத்தப்படும். துடுப்புகள் சுழன்று கலக்கும். வெப்பநிலை 30 முதல் 37 பாகை வரையிலும், பீ.எச். பெறுமானம் 7க்கு அண்மையிலும் காக்கப்படும்.

இவ்விடத்திலேதான் இத்தொழிலின் நுட்பம் இருக்கின்றது. நல்ல உணவு நிறையக் கொடுத்தால் நிறையப் பொருள் கிடைக்கும் என்று நாம் எண்ணுவோம். அது பிழை. எல்லா உணவும் நிறைந்திருக்கும் வரையிற் பற்றீரியா தன்னைப் பெருக்குவதிலேயே கருத்தாயிருக்கும். நுரைப்பொருளை மிகுதியாக ஆக்காது. புதிய உடலைக் கட்ட நைதரசன் இன்றியமையாதது. நைதரசன் தீர்ந்துபோய்க் காபன் மாத்திரம் எஞ்சி நிற்கும்போது பெருக்கம் நிற்கின்றது. அப்பொழுது எஞ்சிய காபனை வெல்லத் தலையும் கொழுப்பு வாலுமாகப் பிணைத்து வெளிவிடத் தொடங்குகின்றது. சூரிச்சு நகரின் தொழினுட்ப உயர்கல்லூரியில் ஆராய்ந்தோர் 1984ஆம் ஆண்டில் இதனை அளந்து காட்டினர். குளுக்கோசில் வளர்த்தபோது, காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் 16க்கு 1 முதல் 18க்கு 1 வரை இருக்கும்போது விளைவு உச்சத்தை அடைந்தது. 11க்கு 1 என்னும் அளவுக்குக் கீழே சென்றபோது விளைவே இல்லை. எனவே நொதிப்புக் கலத்தை ஆள்வோன் வள்ளலாக இருந்தாற் போதாது. எதனை எப்போது குறைப்பது என்பதையும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தனித்து நிற்கும் ஒரு பற்றீரியா இப்பொருளை ஆக்குவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறு இரசாயனக் குறிப்பை வெளிவிடும். கூட்டம் பெருகப் பெருக அக்குறிப்பும் நீரிற் பெருகும். அது குறித்த அளவை எட்டியவுடன், தம் இனத்தார் போதிய அளவு கூடிவிட்டனர் என்று உணர்ந்தாற்போல யாவும் ஒருங்கே தொழிலைத் தொடங்கும். ஒரு நொதியம் வாலைச் செய்யும். இன்னொன்று முதல் வெல்லத்தைப் பிணைக்கும். மூன்றாவது விரும்பினாற்போல இரண்டாவது வெல்லத்தையும் சேர்க்கும். ஊரார் கூடிய பின்னரே தேர் இழுக்கப்படுவது போன்றது இது.

வேலை தொடங்கிய பின்னர் வருவது நுரை. பரப்பை இளகச் செய்யும் பொருள் உள்ளே உண்டாகின்றது. அதனுள்ளே காற்றும் ஊதப்படுகின்றது. விளைவு யாதென்று கூறவும் வேண்டுமோ? தைப்பொங்கலன்று பால் பொங்கி வழிந்தால் எமக்கு மகிழ்ச்சி. நொதிப்புக் கலம் பொங்கி வழிந்தால் அதனைக் காப்போருக்கு அது பேரிடர். நுரை வெளிக்குழாய்களில் ஏறி வடிகளை அடைக்கும். பற்றீரியாவையும் வெளியே கொண்டு செல்லும். நுரையை அடக்கும் மருந்து சேர்த்தால் அது பொருளோடு கலந்து பின்னர்ப் பிரிப்பதற்கு அரிதாகும். இதற்கு ஓர் அழகான வழியை 1981ஆம் ஆண்டிற் கனடா நாட்டு அறிஞர் சேர்பக்ரின் ஆக்கத்திற் காட்டினர். நுரையை அடக்காமல், அது எழ எழ வேறொரு கலத்திற் பிடித்துக்கொண்டனர். வேண்டிய பொருள் நுரையிலேயே செறிந்திருந்தது. பகையாகத் தோன்றியதே அறுவடையாயிற்று. இரும்பும் மங்கனீசும் அளவறிந்து சேர்த்தபோது விளைவு மேலும் பெருகியதையும் அவர்கள் கண்டனர்.

சில நாள்களின் பின்னர்க் கலத்து நீரை வெளியே எடுத்து, விரைந்து சுழற்றிப் பற்றீரியாக்களைப் பிரிப்பர். தெளிந்த நீரில் அமிலம் சேர்த்துப் பீ.எச். பெறுமானத்தை 2 அளவுக்கு இறக்கினால், இரம்னோலிப்பிட்டு நீரிற் கரைந்து நிற்கும் ஆற்றலை இழந்து அடியிற் படியும். அதனைத் தக்க கரைப்பானிற் கரைத்து, கரைப்பானை ஆவியாக்கினாற் தேன்போன்ற ஒட்டும் பொருள் எஞ்சும். எழுதுவதற்கு எளிதான இப்பகுதியே செலவு மிக்கது. பிரித்துத் தூய்மை செய்யும் செலவு மொத்தச் செலவிற் பாதிக்கு மேலும் செல்லக்கூடும். ஒரு கலம் நீரிற் சிறிதளவு பொருளே கிடைப்பதால், பெருமளவு நீரைக் கையாள வேண்டியிருக்கின்றது. சோயா எண்ணெயை உணவாக ஊட்டி இலீற்றருக்கு 112 கிராம் வரை பெற்றதாக 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழங்கிய ஓர் ஆக்கவுரிமைப் பத்திரம் கூறுகின்றது. ஆயின் பெரும்பாலான ஆய்வுகூடங்களின் விளைவு அதனினும் மிகக் குறைவே. பெற்றோலியப் பொருள்களோடு விலையிற் போட்டியிட இயலாது இப்பொருள் நீண்ட காலம் ஆய்வுகூடத்திலேயே தங்கியிருந்ததன் காரணம் இதுவேயாம். ஆதலின், பொரித்து எஞ்சிய எண்ணெய், வெல்லப்பாகுக் கழிவு, பாற்கட்டி செய்தபின் எஞ்சும் நீர், மரவள்ளி மா எடுத்த கழிவுநீர் முதலிய மலிவான உணவுகளில் இவ்வுயிர்களை வளர்க்கப் பல நாட்டாரும் முயன்றுள்ளனர்.

விலையினும் பெரிய தடை ஒன்றும் இருந்தது. இரம்னோலிப்பிட்டை மிகுதியாக ஆக்கும் சூடோமோனசு ஏருகினோசா நல்லொழுக்கம் உடையதன்று. இதன் பெயரில் உள்ள ஏருகினோசா என்பது செப்புக் களிம்பின் நிறத்தைக் குறிக்கும் காரணப் பெயர். புண்களைக் கட்டிய துணியிற் பசுமையும் நீலமும் கலந்த கறையை உண்டாக்கிய கிருமி இதுவே. தீப்புண் பட்டோரையும் நோயால் மெலிந்தோரையும் பற்றி வருத்தும் இயல்பினது. இரம்னோலிப்பிட்டும் இக்கிருமி மனித உடலிற் போர் செய்யும் படைக்கலங்களுள் ஒன்று. சேர்பக்ரினும் மிகுதியாகக் குருதியிற் கலந்தாற் செங்குழியங்களை உடைத்துவிடும். இயற்கையில் விளைந்தது என்பதால் மாத்திரம் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. பாம்பின் நஞ்சும் இயற்கையில் விளைவதே. ஆதலின், இளமாணவர் இத்தகைய கிருமிகளை வீட்டிலோ வகுப்பிலோ வளர்க்க முற்படுதல் ஆகாது என்பதை வற்புறுத்திக் கூறுகின்றோம்.

இத்தடையைத் தாண்டிய முறை போற்றத்தக்கது. 1994ஆம் ஆண்டில் இப்பொருளை ஆக்குதற்குரிய பரம்பரை அலகுகள் பிரித்தறியப்பட்டன. 1995ஆம் ஆண்டில் அவற்றை அதே குலத்தில் நோய் விளைக்காத சூடோமோனசு பூற்றிடா என்னும் பற்றீரியாவினுட் புகுத்தி, அதுவும் இரம்னோலிப்பிட்டு ஆக்குவதைக் காட்டினர். கொடியவனிடமிருந்த வித்தையை நல்லவனுக்குக் கற்பித்தாற் போன்றது இது. எவோனிக் என்னும் செருமானிய நிறுவனம் இவ்வழியிற் பல்லாண்டு முயன்றது. அதன் இரம்னோலிப்பிட்டுச் சேர்ந்த பாத்திரம் கழுவும் நீர்மம் ஒன்றை யூனிலீவர் நிறுவனம் 2019ஆம் ஆண்டிற் சிலி நாட்டிற் சந்தைக்குக் கொணர்ந்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சிலோவாக்கியா நாட்டில், சோளத்து வெல்லத்தை உணவாகக் கொண்டு இரம்னோலிப்பிட்டை ஆக்கும் பெருந்தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டுக் குடுவையிலிருந்து இப்பெருங்கலத்தை அடைய ஏறக்குறைய 78 ஆண்டுகள் சென்றன.

சலவையொன்றே இதன் பயன் அன்று. நீரில் நீந்திச் சென்று பயிரின் வேரைப் பற்றும் சில நோய்க்கிருமிகளின் வித்திகளை இரம்னோலிப்பிட்டு உடைத்துவிடுகின்றது என்பது 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2004ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா இதனைப் பயிர்நோய் மருந்தாகப் பதிவு செய்தது. 1989ஆம் ஆண்டில் அலாசுகாக் கடற்கரையில் எக்சொன் வல்டெசு என்னும் கப்பல் தரைதட்டிப் பெருமளவு எண்ணெயைக் கொட்டியதைப் பலரும் அறிவர். எண்ணெய் தோய்ந்த அக்கரைப் பரற்கற்களைச் சூடோமோனசு தந்த நுரைப்பொருளாற் கழுவியபோது, வெறும் நீராற் கழுவுவதினும் மிகுதியான எண்ணெய் அகன்றமையை ஆய்வாளர் 1990ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர்.

இதனைப் படித்தபோது எம் நினைவு தானாகவே சுன்னாகத்துக் கிணறுகளை நோக்கிச் சென்றது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த செய்தி குடாநாடு முழுவதையும் கலங்கச் செய்தது. அங்கும் இந்நுரைப்பொருளைக் கிணற்றில் ஊற்றினால் ஆகாதோ என்று எம் விஞ்ஞான ஆசிரிய நண்பரை ஆவலோடு வினவினோம். அவர் தலையசைத்து மறுத்தார். அலாசுகாவில் இருந்தது கரைமேற் கிடந்த கல். கழுவிய நீரைப் பிடித்து அகற்றலாம். எம் நிலத்தடியில் இருப்பதோ வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஓரிடத்தில் ஒட்டி நிற்கும் எண்ணெயை அங்கே இளக்கிவிட்டால், அது நீரோடு சேர்ந்து அடுத்த கிணற்றுக்கும் அதற்கு அடுத்த கிணற்றுக்கும் செல்லக்கூடும். கழுவுதல் வேறு, பரப்புதல் வேறு. ஒரு கருவியின் வலிமையை அறிவதோடு, அதனை எவ்விடத்திற் பயன்படுத்தலாகாது என்பதையும் அறிதலே அறிவு என்பதை நாம் அன்று கற்றோம்.

நுண்ணுயிர் வளர்ந்த நீரில் இத்தகைய பொருள் உண்டா என்று அறிய ஆய்வாளர் செய்யும் சோதனைகளுள் ஒன்று மிக எளிது. எண்ணெய் பூசிய பரப்பில் ஒரு துளியை இடுவர். துளி திரண்டு நின்றாற் பொருள் இல்லை. பரந்து வீழ்ந்தாற் பொருள் உண்டு. இது 1991ஆம் ஆண்டில் முறையாக வகுக்கப்பட்டது. கிருமி எதனையும் தொடாமலே மாணவர் இதன் கருத்தை வீட்டிற் காணலாம். சேம்பிலை ஒன்றைப் பரப்பி, அதில் வெறும் நீரிற் சில துளிகளை இடுக. பின்னர் ஒரு துளியிற் சீயாக்காய் ஊறிய நீரையும், இன்னொன்றிற் சவர்க்கார நீரையும் தொட்டு வைத்து, துளிகளின் வடிவம் மாறுவதை நோக்குக. ஆய்வுகூடத்தார் காண்பதும் இதனையே.

இறுதியாக, மாணவன் கேட்ட பெயருக்கு வருவோம். அப்பொருளிற் காரம் இல்லை. ஆதலின் சவர்க்காரம் என்பது பொருந்தாது. நுரைப்பொருள் என்று இக்கட்டுரையில் எளிமை கருதி வழங்கினோம். ஆயின் இவ்வினத்துள் நுரையாதனவும் உண்டு. யாவற்றுக்கும் பொதுவான தொழில், பரப்பின் இறுக்கத்தைத் தளர்த்துதலே. எனவே பரப்புத்தளர்த்தி என்றும், உயிரினால் ஆக்கப்பட்டதை உயிர்ப்பரப்புத்தளர்த்தி என்றும் கூறலாம் என்பது எம் கருத்து. இதனினும் சிறந்த சொல்லை விஞ்ஞானம் வல்லார் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம். சொல் எதுவாயினும், பொருளை அறிந்த பின்னரே பெயர் பிறத்தல் வேண்டும். அதனை எமக்கு உணர்த்தியவன், வாயில்வரை சென்று திரும்பி வந்து வினவிய மாணவன். எங்கிருந்தாலும் அவன் வாழ்க! ஆசிரியர் கூறியதையும் ஐயுற்று வினவும் மாணவர் இக்கல்லூரியில் என்றும் பெருகுக!